படத்தை ஃபார்மேட் மாற்றினால் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

படத்தை ஒரு ஃபார்மேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது இரண்டு கிளிக் வேலை. அந்த இரண்டு கிளிக்குக்கு அப்புறம்தான் பின்னணி கறுப்பாகும், கலர் வெளுத்துப்போகும், எழுத்து மங்கும், ஃபைல் ஐந்து மடங்கு வீங்கும். பெங்களூரில் அல்சூர் பக்கம் நான் வேலை பார்க்கும் டிசைன் கடைக்குக் காதுகுத்துப் பத்திரிகை, கோயில் திருவிழா அழைப்பிதழ், வங்கித் தேர்வு போட்டோ என்று இப்படிக் கெட்ட படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் கோளாறு மாற்றும் இடத்தில் பிறப்பதில்லை. கையில் இருப்பது என்ன ஃபைல் என்று பார்க்காமலே மாற்றியதில்தான் பிறக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் ஃபைலைப் பார்ப்போம், அப்புறம் மென்பொருளைத் தொடுவோம். ஃபோட்டோஷாப், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் இரண்டுக்கும் வழி சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேலை. ஒரிஜினல் ஃபைலை வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள். படம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால், அனுப்பியவரிடம் மறுபடி 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ஜேபிஜி ஆக்கித்தான் அனுப்புகிறது. ஒளிபுகும் பின்னணி, கேமரா தகவல் எல்லாம் அங்கேயே போய்விடும். கீழே உள்ள அறிகுறிகளில் நிறைய இந்த ஒரு காரியத்திலேயே தீர்ந்துவிடும்.

ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது

ஃபைல் பெயரின் கடைசியில் இருப்பதைப் பாருங்கள். விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று போய் டிக் போட்டால் தெரியும்.

கடைசியில் ஹெச்இஐசி என்று இருந்தால் அது ஐபோன் படம். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் இந்த ஃபார்மேட்டில் படம் எடுக்கின்றன. இடம் குறைவாகப் பிடிக்கும், தரமும் நன்றாக இருக்கும், ஆனால் விண்டோஸில் அதைப் படிக்கத் துணை நிரல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' இலவசம். அதோடு 'ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதும் தேவைப்படும், அதற்குச் சின்னத் தொகை கேட்பார்கள். விண்டோஸில் ஃபோட்டோஷாப் இந்த இரண்டையும் நம்பித்தான் ஹெச்இஐசி திறக்கிறது. கிம்ப் 2.10.2 முதல் தானாகவே திறக்கும், காசு செலவில்லை.

இனிமேல் இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மேட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வையுங்கள், ஜேபிஜியாகவே எடுக்கும். நான் இதை எல்லோருக்கும் சொல்வதில்லை. வீட்டு ஆல்பத்துக்கு ஹெச்இஐசியே நல்லது. விண்ணப்பம், பத்திரிகை என்று அடிக்கடி வெளியே கொடுப்பவர்களுக்கு மட்டும் மாற்றிக் கொடுப்பேன்.

கடைசியில் ஜேபிஜி என்றுதான் இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை என்றால் பெயர் பொய் சொல்கிறது என்று சந்தேகப்படுங்கள். மர்ஃபி டவுனிலிருந்து ஒரு அக்கா தன் மகளின் வளைகாப்புப் படங்களை பென் டிரைவில் கொண்டுவந்தார். "தம்பி, எல்லாத்தையும் ஜேபிஜியா மாத்தித்தான் கொண்டாந்திருக்கேன், ஏன் ஓபன் ஆகல?" என்று கேட்டார். மாற்றியது என்பது பெயரை மாற்றியது. ஹெச்இஐசி என்று இருந்ததை அழித்துவிட்டு ஜேபிஜி என்று எழுதியிருந்தார். பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் தகவல் மாறாது. ஃபோட்டோஷாப் பெயரை நம்பி ஜேபிஜி குறியீட்டைத் தேடும், கிடைக்காததால் 'ஜேபெக் மார்க்கர்' பற்றி ஒரு பிழைச் செய்தி காட்டிவிட்டு நின்றுவிடும்.

உண்மையில் என்ன ஃபைல் என்று கண்டுபிடிக்க நோட்பேட் போதும். நகல் ஒன்றை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். குப்பை எழுத்துகளுக்கு நடுவே ஆரம்பத்திலேயே 'பிஎன்ஜி' என்ற மூன்று ஆங்கில எழுத்து தெரிந்தால் அது பிஎன்ஜி. 'ஜேஎஃப்ஐஎஃப்' அல்லது 'எக்ஸிஃப்' தெரிந்தால் ஜேபிஜி. 'ரிஃப்' (RIFF) என்று தொடங்கிச் சற்றுத் தள்ளி 'வெப்பி' (WEBP) என்று வந்தால் அது வெப்பி, இணையப் படங்களுக்கான ஃபார்மேட். 'எஃப்டிஒய்பி' (ftyp) என்பதை ஒட்டி 'ஹெய்க்' (heic) வந்தால் ஐபோன் படம். 'ஜிஃப்89ஏ' என்றால் ஜிஃப். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள், நோட்பேடில் சேமித்தால் படம் அழிந்துவிடும். உண்மையான பெயரைத் திருப்பிக் கொடுத்து, அப்புறம் முறையாக மாற்றுங்கள். அந்த அக்காவின் படங்கள் எல்லாமே அப்படித்தான் மீண்டன.

இன்னொரு குறுக்குவழி: ஃபைலை குரோம் பிரவுசரில் இழுத்துப் போடுங்கள். பிரவுசர் பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. பெயர் தப்பாக இருக்கும் ஜேபிஜி, பிஎன்ஜி, வெப்பி எல்லாம் அங்கே திறந்துவிடும். திறந்தால் படம் நன்றாக இருக்கிறது, பெயர்தான் தப்பு என்று அர்த்தம். குரோம் ஹெச்இஐசி காட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேல்பாதி தெரிந்து கீழ்ப்பாதி சாம்பலாக இருந்தால் ஃபைல் முழுதாக இறங்கவில்லை, அல்லது பென் டிரைவை அவசரமாகப் பிடுங்கியிருக்கிறார்கள். எந்த ஃபார்மேட்டுக்கு மாற்றினாலும் அந்தச் சாம்பல் போகாது. மறுபடி நகல் எடுங்கள்.

வெப்பி ஃபைலை ஃபோட்டோஷாப் மறுத்தால் பதிப்பைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் வந்த 23.2 முதல் அது நேராகவே திறக்கும். அதற்கு முந்தையது என்றால் கிம்பில் திறந்து பிஎன்ஜியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சேமிக்கப் போனால் ஜேபிஜி பட்டியலிலேயே இல்லை

ஃபோட்டோஷாப்பில் 2021-இல் வந்த 22.4 பதிப்பிலிருந்து 'சேவ் ஆஸ்' மாறிவிட்டது. படத்தில் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படலம்) இருந்தால் 'சேவ் ஆஸ்' பட்டியலில் ஜேபிஜி வராது, ஏனென்றால் ஜேபிஜியால் லேயரைத் தாங்க முடியாது. 'ஃபைல்' மெனுவில் 'சேவ் எ காப்பி' கொடுங்கள், அங்கே இருக்கும். பழைய பழக்கத்தை விட முடியாதவர்கள் 'ப்ரிஃபரன்சஸ்', 'ஃபைல் ஹேண்ட்லிங்' போய் 'லெகசி சேவ் ஆஸ்' என்பதை இயக்கிக்கொள்ளலாம். புது முறையையே பழகுவது நல்லது என்பேன். லேயரோடு இருக்கும் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் சொந்த ஃபார்மேட்) மேல் தெரியாமல் ஜேபிஜியை எழுதிவிடும் ஆபத்து அதில் குறைவு.

'சேவ் எ காப்பி'யிலும் இல்லையென்றால் 'இமேஜ்', 'மோட்' பாருங்கள். 32 பிட் என்று இருந்தால் 8 பிட் ஆக்குங்கள். 'இண்டெக்ஸ்டு கலர்' என்று இருந்தால் ஆர்ஜிபி ஆக்குங்கள்.

கிம்பில் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் மட்டும்தான் கிடைக்கும், அது கிம்பின் சொந்த ஃபார்மேட். மற்ற எல்லாவற்றுக்கும் 'எக்ஸ்போர்ட் ஆஸ்', அதாவது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ. பெயரின் கடைசியில் என்ன எழுதுகிறீர்களோ அதைப் பார்த்து அது ஃபார்மேட்டைத் தேர்ந்துகொள்ளும்.

ஒளிபுகும் பின்னணி வெள்ளையாக, கறுப்பாக மாறிவிட்டது

ஜேபிஜியில் ஒளிபுகும் தன்மை கிடையாது. பிஎன்ஜி, வெப்பி, டிஃப் மூன்றிலும் உண்டு. ஜிஃப்பில் அரைகுறையாக உண்டு: ஒரு புள்ளி முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், நடுவில் எதுவும் இல்லை. ஆகவே கோயில் லோகோவை ஜேபிஜி ஆக்கினால் மென்பொருள் ஏதாவது ஒரு நிறத்தை அடியில் போட்டாக வேண்டும். கிம்ப் அப்போது கருவிப்பெட்டியில் இருக்கும் பின்னணி நிறத்தை எடுத்துக்கொள்ளும். அங்கே கறுப்பு இருந்தால் கறுப்புதான் வரும். ஜேபிஜிதான் வேண்டும் என்றால், பத்திரிகையின் அடித்தளம் என்ன நிறமோ அதில் ஒரு லேயரை அடியில் நீங்களே போட்டு, அப்புறம் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வேண்டாம் என்றால் பிஎன்ஜியே அனுப்புங்கள், அதுவும் டாக்குமெண்டாக.

பிஎன்ஜியாகவே இருக்கிறது, ஆனால் வெட்டிய உருவத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிகிறது என்றால், அது வெள்ளைப் பின்னணியில் வெட்டியபோது ஓரத்தில் ஒட்டிக்கொண்ட வெள்ளை. ஃபோட்டோஷாப்பில் 'லேயர்', 'மேட்டிங்', 'டீஃப்ரிஞ்ச்' போய் 1 பிக்சல் கொடுங்கள். கிம்பில் 'லேயர்', 'டிரான்ஸ்பரன்சி', 'ஆல்ஃபா டு செலக்‌ஷன்' கொடுத்து, 'செலக்ட்' மெனுவில் 'ஷ்ரிங்க்' 1 பிக்சல், பிறகு 'இன்வர்ட்', பிறகு டிலீட். தலைமுடி ஓரத்தில் இது முழுதாகச் சரியாகாது, அங்கே கையால் அழிக்க வேண்டும்.

சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? இணையத்தில் பிள்ளையார் படம் தேடி எடுப்பவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. ஒளிபுகும் இடத்தைக் காட்ட மென்பொருள் போடும் அந்தக் கட்டத்தையே யாரோ படமாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். நகர்த்திப் பாருங்கள்: படத்தோடு கட்டமும் நகர்ந்தால் அது படத்தின் ஒரு பகுதி. எந்த ஃபார்மேட் மாற்றமும் அதை எடுக்காது. வேறு படம் தேடுங்கள், அதுதான் சீக்கிரம் முடியும்.

கலர் மாறிவிட்டது

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் அறிகுறி ஒன்று போலத் தெரிந்தாலும் காரணம் மூன்று.

முதல் வகை: படம் லேசாக வெளுத்திருக்கிறது, பட்டுப்புடவையின் அரக்கு செத்துப்போய்த் தெரிகிறது. இது கலர் ப்ரொஃபைல் தொலைந்ததால் வருவது. ஐபோன் 7-லிருந்து ஐபோன் படங்கள் 'டிஸ்ப்ளே பி3' என்ற அகலமான நிற எல்லையில் பதிவாகின்றன. கல்யாண போட்டோகிராஃபர்கள் சிலர் 'அடோபி ஆர்ஜிபி'யில் எடுப்பார்கள். ஃபைலுக்குள் இருக்கும் எண்களை எந்த அளவுகோலால் படிக்க வேண்டும் என்று சொல்வதுதான் ப்ரொஃபைல். மாற்றும்போது அது உதிர்ந்துவிட்டால், அடுத்த மென்பொருள் இதை எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான பொது அளவுகோல்) என்று நினைத்துப் படிக்கும். எண்கள் அதேதான், நிறம் வேறு.

சரிசெய்ய ஒரிஜினலிலிருந்து தொடங்குங்கள். ஃபோட்டோஷாப்பில் 'எடிட்', 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்' போய் எஸ்ஆர்ஜிபி தேர்ந்தெடுங்கள். கிம்பில் 'இமேஜ்', 'கலர் மேனேஜ்மெண்ட்' உள்ளே அதே வேலை இருக்கிறது. பக்கத்திலேயே 'அசைன் ப்ரொஃபைல்' என்று இன்னொன்று இருக்கும், அதை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். 'கன்வர்ட்' என்பது நிறம் அப்படியே தெரியும்படி எண்களை மாற்றும். 'அசைன்' எண்களை விட்டுவிட்டு அளவுகோலை மட்டும் மாற்றும், நிறம் தாவும். ப்ரொஃபைல் தொலைந்த ஃபைல் மட்டும்தான் கையில் இருக்கிறது, ஒரிஜினல் கிடைக்காது என்றால் அப்போது 'அசைன்' உதவும்: அடோபி ஆர்ஜிபி, டிஸ்ப்ளே பி3 இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து முகத்தின் நிறம் எதில் இயல்பாக வருகிறது என்று பாருங்கள். பிடித்ததும் எஸ்ஆர்ஜிபிக்குக் 'கன்வர்ட்' செய்து, ப்ரொஃபைலை உள்ளே வைத்துச் சேமியுங்கள்.

இரண்டாவது வகை: மாவிலைத் தோரணம் ஒளிரும் பச்சையாக, சில சமயம் நெகட்டிவ் போலத் தலைகீழாக. அச்சகத்திலிருந்து திரும்பி வந்த ஃபைலில் இது வரும். அது சிஎம்ஒய்கே ஜேபிஜி, அச்சு மைக்கான நான்கு நிறத்தில் இருப்பது. அடோபி மென்பொருள்கள் சிஎம்ஒய்கே ஜேபிஜியில் எண்களைத் தலைகீழாக எழுதும் வழக்கம் உண்டு. அதை அறியாத பார்வை மென்பொருளில் படம் புரண்டுவிடும். ஃபோட்டோஷாப்பில் திறந்து எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்து, புது நகலாக அனுப்புங்கள். பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே வைக்கவே முடியாது, ஆகவே அச்சுக்கு பிஎன்ஜி கொடுத்துவிட்டு நிறம் அப்படியே வரும் என்று காத்திருக்காதீர்கள்.

மூன்றாவது வகை திரையில் தெரியாது, அச்சில்தான் தெரியும். கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்த மாதிரி இருக்கும். ஆர்ஜிபியில் (திரையின் மூன்று நிற முறை) சுத்தக் கறுப்பாக இருக்கும் எழுத்தை ஃபோட்டோஷாப்பில் உள்ள 'ஸ்வாப்' என்ற அமெரிக்க அச்சு ப்ரொஃபைலில் சிஎம்ஒய்கே ஆக்கினால், சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று ஆகிவிடும். கூட்டிப் பாருங்கள், 300 சதவீத மை. நான்கு தகடுகளும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் எழுத்து சுத்தமாக இருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் இது தெரியாமல் போகலாம். முகூர்த்த நேரத்தைச் சின்ன அளவில் தமிழில் போட்டிருந்தால் 'ணு'வின் சுழியும் 'ழ'வின் வளைவும் நிரம்பிப்போகும். சுல்தான்பேட்டையில் பத்திரிகை அடிக்கும் பிரஸ்காரர்கள் எழுத்தைப் படத்தோடு கலக்காமல் தனியாகக் கேட்பது இதனால்தான். முதலில் படத்தை மட்டும் சிஎம்ஒய்கே ஆக்குங்கள், அப்புறம் எழுத்தை அதன்மேல் கறுப்பு 100, மற்றவை 0 என்று போடுங்கள். பிடிஎஃப் ஆகவோ கோரல்டிரா ஃபைலாகவோ கொடுத்தால் இன்னும் நல்லது. எனக்கு இதில் சமரசம் கிடையாது. பெரியவர்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நேரம் படிக்கும் இடம் அது.

எழுத்தைச் சுற்றி அழுக்கு, சிவப்பு எழுத்து மங்கல்

மஞ்சள் மேல் சிவப்பு எழுத்து, நம் பத்திரிகைகளின் நிறம். ஜேபிஜிக்கு இது ஆகாது. ஜேபிஜி படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதோடு, வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிறத் தகவலை மட்டும் பாதி அகலம், பாதி உயரத்துக்குக் குறைத்துவிடுகிறது. முகம், வானம் இவற்றில் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பும் மஞ்சளும் கத்தி வெட்டினாற்போலச் சந்திக்கும் இடத்தில் பளிச்சென்று தெரியும்.

கிம்பில் ஜேபிஜி எக்ஸ்போர்ட் பெட்டியில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திறந்து 'சப்சாம்ப்ளிங்' என்பதை 4:4:4 ஆக்குங்கள், அதாவது நிறத் தகவலைக் குறைக்காத நிலை. ஃபோட்டோஷாப்பில் தனியாக அப்படி ஒரு பொத்தான் இல்லை. 'சேவ் எ காப்பி'யில் தரம் 7 அல்லது அதற்கு மேல் வைத்தால் நிறத்தைக் குறைக்காது, 6-க்கோ அதற்குக் கீழேயோ போனால் குறைக்கும். எழுத்து அதிகமுள்ள அழைப்பிதழை பிஎன்ஜியாக அனுப்புவதே நேர்வழி. வெப்பி இதற்கு மருந்தாகாது. அதன் சுருக்கும் முறையும் நிறத்தைப் பாதியாக்கும், இழப்பில்லாத 'லாஸ்லெஸ்' வகையைத் தேர்ந்தால் மட்டும் தப்பிக்கலாம்.

ஜேபிஜியைத் திறந்து, தேதி மாற்றி, மறுபடி ஜேபிஜி என்று பலமுறை சுற்றி வந்த ஃபைலில் இந்த அழுக்கு அடுக்கடுக்காக ஏறியிருக்கும். திருத்தம் எப்போதும் பிஎஸ்டி அல்லது எக்ஸ்சிஎஃப்பில் நடக்கட்டும், ஜேபிஜி கடைசியில் ஒரே ஒரு முறை.

ஃபைல் அளவு ஒத்துவரவில்லை

ஜேபிஜியை பிஎன்ஜி ஆக்கினால் தெளிவு கூடும் என்று நம்பி மாற்றுகிறார்கள். கூடாது. 4000-க்கு 3000 புள்ளி உள்ள ஒரு போட்டோ சுருக்காத நிலையில் 3 கோடியே 60 லட்சம் பைட். ஜேபிஜி சில எம்பியில் அடக்கிவிடும். பிஎன்ஜி ஒரு புள்ளியையும் விடாமல், ஜேபிஜி விட்டுச்சென்ற அழுக்கையும் சேர்த்து, அப்படியே பத்திரப்படுத்தும். அதனால் பல மடங்கு வீங்கும். போட்டோவுக்கு ஜேபிஜி, ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் லோகோவுக்கும் பிஎன்ஜி.

இப்போது தேர்வு விண்ணப்பம். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வுக்கு போட்டோ 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி என்று கேட்கிறார்கள். வேறு தேர்வுகளுக்கு அந்தந்த அறிவிப்பைப் பாருங்கள். கடைசி நாள் இரவு வந்து நிற்கும் பிள்ளைகளின் படபடப்பு எனக்குப் புரிகிறது, அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் 'க்ராப்'. முகத்தின் அளவும் அகல உயர விகிதமும் இங்கேயே சரியாகட்டும். அப்புறம் கிம்பில் 'ஸ்கேல் இமேஜ்' போய்ப் பிக்சல் எண்ணை அடியுங்கள். விகிதம் பிசகினால் முகம் நசுங்கும், அதற்காகத்தான் க்ராப் முதலில். அடுத்து 'எக்ஸ்போர்ட் ஆஸ்', ஜேபிஜி. கிம்பில் 'ஷோ ப்ரிவியூ இன் இமேஜ் விண்டோ' என்பதில் டிக் போட்டால் தரத்தை நகர்த்த நகர்த்த ஃபைல் அளவு அங்கேயே தெரியும். 50-ஐத் தாண்டினால் தரத்தைக் குறையுங்கள், உள்ளே சேரும் சின்ன முன்தோற்றப் படமான 'தம்ப்நெயிலை'யும் எடுத்துவிடுங்கள்.

நிறையப் பேர் தடுக்கி விழுவது எதிர்ப்பக்கத்தில். 200-க்கு 230 மிகச் சின்னப் படம், சாதாரணத் தரத்தில் 20 கேபிக்குக் கீழே போய்விடும். தளம் ஏற்காது, காரணமும் சரியாகச் சொல்லாது. தரத்தை 100-க்கு ஏற்றி, சப்சாம்ப்ளிங்கை 4:4:4 ஆக்கினால் மேலே வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால் ஃபைல் பெயரைப் பாருங்கள். சில தளங்கள் 'ஜேபிஜி' என்று மூன்றெழுத்தில் முடிவதை மட்டும் எடுத்துக்கொள்ளும், 'ஜேபெக்' என்று நான்கெழுத்தில் முடிந்தால் தள்ளிவிடும். இங்கே மட்டும் பெயரை மாற்றினாலே போதும், இரண்டும் ஒரே ஃபார்மேட்.

படம் படுத்துக்கொள்கிறது

போனில் நிமிர்ந்து தெரியும் படம் மாற்றியதும் பக்கவாட்டில் சாய்ந்தால், அது கேமரா படத்தோடு எழுதும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும் திசைக் குறிப்பு உதிர்ந்ததால். கிம்ப் திறக்கும்போதே 'ரொட்டேட் செய்யட்டுமா' என்று கேட்கும், ஆம் என்று சொல்லிவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மற்ற மென்பொருளில் கையால் திருப்பிச் சேமித்தால் போதும்.

அச்சில் தெளிவில்லை, '72' என்று காட்டுகிறது

ஃபோட்டோஷாப்பின் 'சேவ் ஃபார் வெப்' வழியாக எடுத்த ஜேபிஜி மறுபடி திறக்கும்போது 72 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்) என்று காட்டும். பயப்பட வேண்டாம், அது ஒரு குறிப்பு எண் மட்டும். பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள். 12-க்கு 18 அங்குல ஆல்பப் பக்கத்துக்கு 300 டிபிஐ வேண்டுமானால் 3600-க்கு 5400 பிக்சல் தேவை. அது இருந்தால் 'இமேஜ் சைஸ்' பெட்டியில் 'ரீசாம்பிள்' டிக்கை எடுத்துவிட்டு 300 என்று எழுதுங்கள், ஒரு புள்ளியும் மாறாது. இல்லாவிட்டால் 300 என்று எழுதி ரீசாம்பிள் செய்வது இல்லாத புள்ளியைக் கற்பனையாகச் சேர்ப்பதுதான்.

பிடிஎஃப் பத்திரிகையை கிம்பில் திறந்து படமாக்குபவர்கள் இறக்கும் பெட்டியிலேயே 'ரெசல்யூஷன்' 300 என்று கொடுக்க வேண்டும். திறந்த பிறகு பெரிதாக்கினால் எழுத்து பிசிறடிக்கும்.

தமிழ் எழுத்து உடைந்துவிட்டது

பழைய பிஎஸ்டி டெம்ப்ளேட்டைத் திறந்து ஜேபிஜி எடுக்கப் போனால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது அது. பாமினியில் 'தமிழ்' என்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ (jkpo) என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்தும் கடைசியில் புள்ளிக்காக ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த வேஷம் கலைந்துவிடும். ஃபோட்டோஷாப் 'எழுத்துரு இல்லை' என்று எச்சரிக்கும்போது மாற்று எழுத்துருவுக்குச் சம்மதிக்காதீர்கள், எழுத்து லேயரைக் கிளிக் செய்து உள்ளே போகவும் வேண்டாம். டெம்ப்ளேட் செய்தவரிடம் அதே எழுத்துருவைக் கேட்டு நிறுவுங்கள். முடியாவிட்டால் அவருடைய கம்ப்யூட்டரிலேயே 'டைப்', 'கன்வர்ட் டு ஷேப்' கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எழுத்து கோட்டோவியமாக மாறிவிடும், எங்கே திறந்தாலும் கலையாது. கிம்ப் பிஎஸ்டியின் எழுத்து லேயரைப் படமாகவே எடுத்துக்கொள்வதால் அங்கே தமிழ் அப்படியே தெரியும், ஆனால் திருத்த முடியாது.

யூனிகோடில் அடித்தும் 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் ஃபோட்டோஷாப்பின் எழுத்து எஞ்சின் அமைப்பு தவறு. 'ப்ரிஃபரன்சஸ்', 'டைப்' பகுதியில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' அல்லது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று பதிப்புக்குத் தகுந்த பெயரில் இருக்கும். அதைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்து, புதிதாக ஓர் எழுத்து லேயர் போட்டுப் பாருங்கள். எக்ஸ்போர்ட் செய்யும் முன் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

நூற்றுக்கணக்கில் படம், ஒவ்வொன்றாக முடியாது

ஃபோட்டோஷாப்பில் 'ஃபைல்', 'ஸ்கிரிப்ட்ஸ்', 'இமேஜ் ப்ராசஸர்'. ஃபோல்டரைக் காட்டி, ஜேபிஜியில் டிக் போட்டு, 'கன்வர்ட் ப்ரொஃபைல் டு எஸ்ஆர்ஜிபி'யிலும் டிக் போட்டால் கலர் தொல்லையும் சேர்ந்தே தீரும். ஃபோட்டோஷாப் இல்லாதவர்களுக்கு இர்ஃபான்வியூ என்ற மென்பொருளில் 'பி' (B) விசை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் பெட்டி வரும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், கடையில் வைத்துப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும்.

மாற்றிய படங்கள் விழும் ஃபோல்டர் ஒரிஜினல் இருக்கும் ஃபோல்டராக இருக்கவே கூடாது. முதலில் இரண்டு மூன்று படத்தில் ஓட்டிப் பாருங்கள்: ஒன்று நிமிர்ந்தது, ஒன்று படுக்கையானது, ஒன்று ஐபோனில் எடுத்தது. சரியாக வந்தால் மொத்தத்தையும் விடுங்கள். முடிந்ததும் இரண்டு ஃபோல்டரிலும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குறைந்தால், திறக்க முடியாத ஃபைலைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது என்று பொருள். விடுபட்டதைத் தேடி எடுத்து, நோட்பேடில் அதன் முதல் வரியைப் பாருங்கள்.